முந்நூறு மில்லி சலுகை

மூன்று நாள் எனக்குச் சிறுநீர் வரவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கே கூச்சப்பட்டால் மீதியைச் சொல்லவே முடியாது. எட்டு வருஷமாகச் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தெலுங்கு நாட்டில், மௌலா அலிக்குப் பக்கத்தில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்தேன். லேத்திலிருந்து வருகிற தண்டுகளையும் வளையங்களையும் மைக்ரோமீட்டரில் அளந்து, வரைபடத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பச்சை முத்திரையும் இல்லாவிட்டால் சிவப்பு முத்திரையும் குத்துவது என் வேலை. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. அளவு ஒரு மயிரிழை தப்பியிருக்கும், பொருளோ அவசரமாகப் போக வேண்டியிருக்கும். அப்போது, போகவிடலாம் என்று பரிசோதகன் ஒரு சீட்டு எழுதுவான். அதற்குக் கன்செஷன், அதாவது சலுகை, என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நான் சலுகை கொடுத்து அனுப்பிய ஒரு தண்டுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை. வரைபடம் போடுகிறவன் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடுவான் என்பது எங்கள் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. இரண்டு நாள் படுத்தியெடுத்தது. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் சலைன் ஏற்றினார்கள். பேதி நின்றது. என் மனைவி வடிவு ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். பிழைத்தோம் என்று நானும் நினைத்தேன். டிஸ்பென்சரி டாக்டர் மட்டும் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கம்பெனி வேனில் ஏற்றி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே பெஞ்சில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. என்ன சாப்பிட்டாலும் வாயில் இரும்பைச் சப்பியதுபோல ஒரு ருசி இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டி ஒரு நீளத் தாளில் கோடு எடுத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வடிவு என் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம்தான் டாக்டர் மதுசூதன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து, அவசரமில்லாமல் பேசுவார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பேதியில் உடம்பின் நீர் வற்றியபோது சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகவில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அது தானாகவே திறந்துகொள்ளும். அதற்கு மருந்து கிடையாது. அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம்.

“எப்படி வைத்திருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் ஒரு சைக்ளோஸ்டைல் தாளை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார். கட்டங்களும் அம்புக்குறிகளுமாக இருந்தது. நேற்று இருபத்துநாலு மணி நேரத்தில் வெளியே வந்த சிறுநீர் எவ்வளவோ, அதோடு ஐந்நூறு மில்லி சேர்த்து, இன்றைக்குக் குடிக்க அவ்வளவுதான். சிறுநீர் நானூறு மில்லிக்குக் கீழேயே மூன்று நாள் நின்றால், வயிற்றில் குழாய் வைத்துக் கழுவ வேண்டும். நானூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் குழாய் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எங்கள் ஷாப்பில் ஒவ்வொரு பொருளோடும் கூடவே போகிற ரூட் கார்டு மாதிரியே இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

“இந்த அளவெல்லாம் நீங்கள் போட்டதா டாக்டர்?”

“நான் எங்கே போட்டேன் லிங்கம் காரு? ரெக்கார்ட் ரூமில் பழைய கேஸ் ஷீட்டெல்லாம் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பிரித்தேன். யாருக்கு என்ன செய்தார்கள், யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று எண்ணினேன். முன்னெல்லாம் ஒரு டாக்டர் நிறையத் தண்ணீர் குடி என்பார், இன்னொருவர் குடிக்காதே என்பார். இப்போது அந்தப் பேச்சே இல்லை. செத்தவர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் தாளில் போட்டிருக்கிறேன்.”

அதற்குப் பிறகு தாகம் ஆரம்பித்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி என்றால் இரண்டரை டம்ளர். மருந்து விழுங்குவதும் அதற்குள்தான், கஞ்சியில் இருக்கும் நீரும் அதற்குள்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வார்டின் கோடியில் குழாய் சொட்டுகிற சத்தத்தை நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பேன். பூஜாடியில் இருந்த தண்ணீரைக் குடித்துவிடலாமா என்று ஒருநாள் எழுந்தே போய்விட்டேன்.

அளப்பது வடிவின் பொறுப்பு. கண்ணாடி ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். அப்படிப் பார்க்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இருபது மில்லி, முப்பது மில்லி, பட்டணத்து டீக்கடையில் கொடுக்கிற டீ அளவுகூட இருக்காது.

“வடிவு, இருபதை நூத்தி இருபதுன்னு போடேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்லா.”

“நூறு மில்லி தண்ணிதானே கேக்குதேன். உன் அப்பன் வீட்டுச் சொத்தையா கேக்குதேன்?”

“ஏசுங்க. நல்லா ஏசுங்க. ஒரு சொட்டு கூடுதலாக் குடுக்க மாட்டேன்.”

ஏசினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்ற தைரியத்தில், இத்தனை வருஷக் குடித்தனத்தில் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவள் துணியை நனைத்துப் பிழிந்து என் உதட்டைத் துடைத்துவிடுவாள். தானும் என் கண் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டாள். வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். இது எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாள். எனக்குத் தெரியும், அதற்கும் ஏசினேன்.

மூன்று நாள் நானூறுக்குக் கீழேயே நின்றேன். தாளில் இருந்தபடி வயிற்றில் குழாய் வைத்தார்கள். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கிழித்து, குழாயைச் செருகி, இரண்டு லிட்டர் கழுவுநீரை உள்ளே விடுவார்கள். குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக, சிறுநீரில் போக வேண்டிய விஷமெல்லாம் அந்த நீரில் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து அதை வெளியே வடித்துவிட்டு, மறுபடி இரண்டு லிட்டர். முப்பது தடவைக்கு மேல் செய்தார்கள். வயிறு வெடித்துவிடும்போல இருக்கும், மூச்சு மேலே ஏறாது. வார்டில் அதற்கு ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது. அடுத்தவர் எப்போதும் காத்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் நூற்றெண்பது மில்லி வந்தது. மறுநாள் அறுநூறு. அதற்கடுத்த நாள் இரண்டு லிட்டர். வடிவு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த நல்ல செய்திக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இது பிழைத்தவன் கதை. ஆனால் ரத்தத்தில் விஷம் குறையும்வரை இன்னும் பத்து நாள் இருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில்தான் கரீம் பாய் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார்.

கரீம் பாய் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். அவருக்கும் பேதி, அதே கோளாறு, அதே தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல உயரம். மனைவி ரஷீதா கைக்குழந்தைக்காரி, மத்தியானம் மட்டும் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போவாள். வடிவைப் போல நாள் முழுக்க உட்கார்ந்து அளக்க அவருக்கு ஆளில்லை.

வார்டில் முப்பது கட்டிலுக்கு ஒரு சிஸ்டர். அன்னம்மா என்று பெயர், கோட்டயத்துக்காரி. நான் நடமாட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, “சாரே, ஒரு சகாயம் செய்யணும். அந்த பாயோட ஜாடியை அளந்து சார்ட்டில் எழுதுமோ? சார் இன்ஸ்பெக்டர் அல்லே, தப்பு வராது” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன்.

முதல் நாள் கரீம் பாய்க்கு அறுபது மில்லி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கித்தா, சாப்?” எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். இரண்டு கையையும் கூப்பினார். “கலா சூக் ரா சாப். ஏக் கூண்ட் பானி தேவ். ஏக் கூண்ட், பஸ்.” தொண்டை காய்கிறது, ஒரே ஒரு வாய் தண்ணீர்.

“நக்கோ பாய், டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்” என்றேன்.

“கைக்கு?” ஏன் என்று கேட்டார். “பாய்லர்ல பானி இல்லாம உட்டா பாய்லர் வெடிக்கும் சாப். நான் பாக்கல?”

தாகம் என்றால் என்ன என்று அந்த வார்டிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். வடிவு அன்றைக்கு அல்வாலில் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தாளைப் பார்த்தேன். ஐந்நூறு. முழு எண். யாரோ கணக்கு போட்டு, பத்திரத்துக்குக் கொஞ்சம் குறைத்து, முழு எண்ணாக வைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்படியானால் உள்ளே இடம் இருக்கும். அறுபதுக்குப் பதிலாக முந்நூற்று அறுபது என்று எழுதினேன். முந்நூறு மில்லி சலுகை.

அதோடு விட்டேனா? பொய்யான அளவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு அத்துப்படி. சோம்பேறிகள் தினமும் ஒரே எண்ணை எழுதுவார்கள். அதனால் நான் அழகாக ஏற்றினேன். மறுநாள் முந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த நாள் நானூற்று முப்பது. நான்காம் நாள் நானூற்று எழுபது. நானும் இப்படித்தானே ஏறி வந்தேன், இவரும் இன்றோ நாளையோ ஏறிவிடுவார், அப்போது உண்மையும் தாளும் ஒன்றாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் அளவைத் தடுக்கத்தான் தினமும் எடை பார்க்க வேண்டும் என்று தாளில் ஒரு கட்டம் இருந்தது. வெளியே வராத நீர் எடையில் தெரிந்துவிடும். ஆனால் எடை எந்திரம் பழுதாகி ஸ்டோருக்குப் போயிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

கரீம் பாய்க்குத் தண்ணீர் கூடியது. ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். குடித்துவிட்டு நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்ப்பார். டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். ரத்தத்தில் விஷம் இன்னும் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிறுநீர் திறந்துகொள்ளும் முதல் சில நாட்களில் அப்படி இருப்பது வழக்கம்தானாம். “ஏறிவிட்டார், நல்லது” என்றார். குழாய்க் கட்டிலுக்குக் கரீம் பாய் பெயர் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, வாரங்கலிலிருந்து வந்த ஒருவரை அதில் படுக்கவைத்தார். அடித்ததை நான் பார்த்தேன். அந்தக் குழாயின் கொடுமை பாய்க்கு வேண்டாம், நல்லதுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை, படுக்கை விரிப்பு மாற்றும் நேரம். கரீம் பாய் டம்ளரைத் தூக்கப் போனார். கை எழும்பவில்லை. காலிலும் தெம்பில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குள் உதடு வெளுத்துவிட்டது. சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள். டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தினார். இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் நிமிர்ந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டார்.

பொட்டாசியம் என்று ஓர் உப்பு. நாம் தின்கிற எல்லாவற்றிலும் இருக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ரத்தத்தில் தேங்கி, ஒரு நிமிஷத்தில் இதயத்தை நிறுத்திவிடும். தினமும் ரத்தம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கரீம் பாய்க்குத் தினமும் பார்க்கவில்லை. நானூறைத் தாண்டியவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்று தாளில் இருந்தது.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. வடிவிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “அப்ப நான் செஞ்சது கல்நெஞ்சுன்னு நெனச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் காலியான அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கரீம் பாயின் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“லிங்கம் காரு, என் தாள் தப்பு. நானூறைத் தாண்டி ஏறியவர் ஒருவர்கூடப் பழைய கேஸ்களில் இப்படிச் சாகவில்லை. இவர் செத்துவிட்டார். நானூறு என்ற அந்தக் கோட்டை எங்கேயோ தப்பான இடத்தில் போட்டுவிட்டேன். எண்ணூறுக்கு நகர்த்தப் போகிறேன்.”

எண்ணூறு என்றால், குழாய் வேண்டாதவர்களுக்கெல்லாம் குழாய் வைப்பார். இருப்பதோ ஒரு கட்டில். உண்மையிலேயே வேண்டியவர் வெளியே கிடப்பார். அளந்தவன் பொய் சொன்னது தெரியாமல் வரைபடத்தைத் திருத்தப் போகிறார். நான் எழுதிய நாலு எண்கள் இனிமேல் இந்த வார்டுக்கு வருகிற ஒவ்வொருவர் கால்மாட்டிலும் தொங்கும்.

“தாள் சரிதான் டாக்டர்” என்றேன். “எண்தான் பொய். நான் எழுதினேன்.”

அவர் புரியாதவர்போல என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார். “எத்தனை நாள்?”

“நாலு நாளும்.”

“உண்மையான அளவு?”

“அறுபது. நாற்பத்தைந்து. நாற்பது. முப்பது.”

“எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம்?”

“அளந்தேன் டாக்டர். அளந்துவிட்டுத்தான் மாற்றி எழுதினேன்.”

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை எடுத்து என் எண்களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் உண்மையானதை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“தண்ணீரை மட்டும் திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்” என்றார். “நாற்பது என்ற எண் எனக்குத் தெரிந்திருந்தால் மூன்றாம் நாளே குழாய் வைத்திருப்பேன். அந்த எண்ணை எடுத்துக்கொண்டீர்களே, லிங்கம் காரு.”

அன்றைக்கே தாளில் ஒரு வரி கூடியது. சிஸ்டர் கண்ணால் பார்க்காமல் ஜாடியைக் கொட்டக் கூடாது. வேறெதையும் அவர் மாற்றவில்லை. கோடு நானூறிலேயே நின்றது.

அவர் எழுந்து போகும்போது, “கரீம் பாய் மனைவியிடம் யார் சொல்வது?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான்” என்றார். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

என்னை டிஸ்சார்ஜ் செய்த அன்று, முற்பகலில், இறப்புச் சான்றிதழ் வாங்க ரஷீதா வந்தாள். இடுப்பில் குழந்தை. வராந்தாவில் எங்களைப் பார்த்ததும் நேராக வந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை இந்தியில் நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். முதல் வார்த்தை வாயில் வந்தும்விட்டது.

அதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் மாமியார் தினமும் ஒன்றையே கேட்டுக்கேட்டு அழுகிறாளாம். என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் கொடுக்கவில்லையாமே, தாகத்தோடு போனானா என்று. “நான் சொன்னேன் சாப். உனோ பியாசே நை கயே, அவர் தாகத்தோட போகல. தமிழ் சாப் ஒருத்தர் இருந்தார், அவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்னு சொன்னேன். சொன்னப்புறம்தான் அம்மா ஒரு வாய் சாப்பிட்டாங்க.”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் ரஷீதாவின் கைக்குள் இருந்தது.

“ஆபிச் பிலாயே நா, சாப்?” என்று கேட்டாள் ரஷீதா. நீங்கள்தானே குடிக்கக் கொடுத்தீர்கள்?

“ஹவ்” என்றேன். ஆமாம் என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.